‘ஒண்டுமில்லாத வெட்டை’யில் பிடித்த மீன்

போன மாதம் எங்கட அறை வட்ஸ்அப் குரூப்புக்கு ஒரு படம் வந்தது. எங்களில் ஒருத்தியின் பெரியம்மா மகன், கனடாவில் சஸ்கற்றூன் நகரத்தில் இருக்கிற அண்ணா, இரண்டு கையாலும் ஒரு மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். முழங்கையை விட நீளமான மீன். பச்சையும் பொன்னும் கலந்த உடம்பு. கண் மட்டும் கண்ணாடிக் குண்டு மாதிரி வெள்ளையாய்ப் பளபளக்குது. பின்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். அதற்கும் அப்பால் மரமே இல்லாத புல்மேடுகள்.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்: “இஞ்ச ஒண்டுமே இல்லாத வெட்டை. தண்ணியும் மீனும் மட்டும்தான். சொர்க்கம்.”

கொஞ்ச நேரத்தில் இன்னொரு செய்தி வந்தது. “நாங்கள் காசு கட்டி லைசென்ஸ் எடுத்து, எண்ணி எண்ணித்தான் பிடிக்கலாம். இங்கத்தைப் பூர்வகுடி ஆக்களுக்கு லைசென்சும் இல்லை, சீசனும் இல்லையாம். இது என்ன நியாயம்?”

மீனுக்கு எல்லாரும் ஹார்ட் போட்டோம். இரண்டாவது செய்திக்கு ஒருத்தரும் ஒண்டும் போடவில்லை. ஆனால் அன்று இரவு லைட்டை அணைத்த பிறகும் அதைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தோம். ஒருத்தி “அவர் கேக்கிறதிலயும் நியாயம் இருக்குத்தானே” என்றாள். இன்னொருத்தி “இதே வசனத்தை எங்களைப் பற்றி ஆரும் சொன்னா உனக்கு எப்பிடி இருக்கும்?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு நித்திரை வரவில்லை. அடுத்த நாளிலிருந்து அந்த ஏரியைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினோம். இந்தக் கட்டுரை அப்படி வந்ததுதான்.

முதலே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அண்ணாவில் எங்களுக்குக் கோபம் இல்லை. இரவு வேலை செய்துவிட்டு, மைனஸ் முப்பதில் காரைக் கிளப்பிப் பழகின மனிசன். கிழமையில் ஒருநாள் தூண்டிலோடு ஒரு கரையில் போய் இருப்பது அவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எங்களுக்கு விளங்குது. எங்களுக்குப் பிரச்சினை அந்த இரண்டு வசனங்களோடுதான். ‘ஒண்டுமே இல்லாத வெட்டை.’ ‘அவையளுக்கு மட்டும் ஏன்?’ முதலாவதை நம்பினால்தான் இரண்டாவதைக் கேட்க முடியும் என்பது எங்கள் கருத்து.

ஏரி என்று சொல்லும் குளம்

அண்ணா நின்ற இடத்தின் பெயர் டீஃபன்பேக்கர் ஏரி. சஸ்கற்றூனுக்குத் தெற்கே ஏறத்தாழ நூறு கிலோமீற்றரில் அதன் அணைக்கட்டு இருக்கு. பெயரில்தான் ஏரி. உண்மையில் அது ஒரு குளம். நாங்கள் பழகின அர்த்தத்திலேயே குளம்: ஆற்றை மறித்து, கட்டுக் கட்டி, மனிதர் தேக்கின தண்ணீர்.

ராக்கி மலைகளில் பனி உருகி வருகிற தெற்கு சஸ்கச்சுவான் ஆற்றை 1959 முதல் 1967 வரை வேலை செய்து மறித்தார்கள். முக்கியமான கட்டுக்குக் கார்டினர் அணை என்று பெயர். ஐந்து கிலோமீற்றர் நீளம், 64 மீற்றர் உயரம், முழுக்க மண்ணால் கட்டினது. பக்கத்துப் பள்ளத்தாக்குக்குள் தண்ணீர் வழிந்து போகாமல் இன்னொரு கட்டும் கட்டினார்கள். பின்னால் தேங்கின தண்ணீர் 225 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்குது. கரையின் நீளம் மட்டும் 800 கிலோமீற்றர். இரணைமடுவின் கட்டில் நின்று அக்கரையைப் பார்த்து “எவ்வளவு பெரிசு” என்று வாய் பிளந்தவர்கள் நாங்கள். இதை மனதில் கொண்டுவரவே கொஞ்ச நேரம் எடுத்தது.

ஏன் கட்டினார்கள் என்பதையும் நியாயமாய்ச் சொல்ல வேண்டும். 1930களில் அந்தப் புல்வெளி நாட்டில் வருடக்கணக்காக மழை பொய்த்தது. உழுத மண் காற்றோடு எழும்பிப் போனது. குடும்பம் குடும்பமாய் ஆட்கள் காணியை விட்டு வெளியேறினார்கள். 1935இல் அதற்கென்றே ஒரு அரச நிறுவனத்தைத் தொடங்கினார்கள், பிறகு இந்த அணையைக் கட்டினதும் அதுதான். இன்றைக்கு அந்த மாகாணத்தில் பாதிக்கு மேற்பட்ட ஆட்கள் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான். மின்சாரமும் வருது, பாசனமும் நடக்குது. வரட்சியென்றால் என்ன என்று தெரிந்த எந்த ஊர்க்காரரும் இதைச் சும்மா தூக்கி எறிந்து கதைக்க மாட்டார்கள்.

ஆனால் ஒரு நீர்த்தேக்கத்தில் எல்லாமே யாரோ எடுத்த தீர்மானம்தான். எவ்வளவு தேக்குவது, எப்போது திறந்துவிடுவது, எந்த மீனை விடுவது, எதைத் தண்ணீருக்குள் தாழவிடுவது எல்லாம் ஒரு மேசையில் இருந்து சிலர் முடிவெடுத்த விஷயங்கள். பனிக்காலம் முழுக்க மின்சாரத்துக்காகத் தண்ணீரை இறக்குவார்கள். மலைப்பனி உருகி ஆறு பெருகுகிற ஜூன், ஜூலையில் திரும்ப நிரப்புவார்கள். அதனால் கரை ஒவ்வொரு மாதமும் இடம் மாறும். போன மாதம் நின்று தூண்டில் போட்ட மணல் இந்த மாதம் தண்ணீருக்குள் கிடக்கும். அந்த மணலில் முட்டையிடுகிற, அழிந்துவரும் ஒரு சின்னக் கரைப்பறவையின் கூடுகளும் சேர்ந்து தாழும். ‘தண்ணியும் மீனும் மட்டும்தான்’ என்று அண்ணா பார்க்கிற காட்சி இயற்கை தந்தது இல்லை. ஆட்கள் கணக்குப் போட்டுச் செய்தது.

கூட்டை உடைத்து ஓடின மீன்

மீனுக்கு வருவோம். அண்ணா பிடித்தது வால்ஐ என்கிற மீன். கனடாவில் பலர் அதைப் பிக்கரல் என்றும் சொல்லுவினம். சஸ்கச்சுவான் மாகாணத்தின் அதிகாரபூர்வ மீன் இதுதான். அதன் கண் ஏன் அப்படி மினுங்குது என்றால், கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்புகிற ஒரு படலம் இருக்கு. பூனையின் கண் இருட்டில் மினுங்குவதும் அதனால்தான். மங்கின வெளிச்சத்தில் அதுக்கு நல்லாய்த் தெரியும், அது தின்கிற சின்ன மீனுக்குத் தெரியாது. அதனால்தான் பொழுதுபடுகிற நேரத்திலும் விடியப்புறத்திலும், காற்றடித்துத் தண்ணீர் கலங்கிக் கிடக்கும்போதும்தான் இதைப் பிடிக்கப் போவார்கள். சின்ன ஈயக்குண்டு வைத்த தூண்டிலில் மண்புழுவோ அட்டையோ குத்தி, அடி மட்டும் இறக்கி, மெதுவாய் உயர்த்தி உயர்த்தி விட வேண்டும். கடி பட்டால் தங்கூசியில் ஒரு சின்னத் தட்டு மாதிரித்தான் தெரியுமாம். “எங்கட ஊரில வாடியில இருந்து பழகின கை. உடனே விளங்கிப்போடும்” என்று அண்ணா பிறகொருநாள் சொன்னார். பனிக்காலத்தில் ஏரி இறுகி, அதன்மேல் வாகனம் ஓடும். ஐஸைத் துளைத்து, ஒரு சின்னக் கொட்டிலுக்குள் இருந்து அந்த ஓட்டைக்குள்ளால் தூண்டில் விடுவினம்.

ஆனால் அந்த ஏரியை உலகம் முழுக்கத் தெரியவைத்தது வால்ஐ இல்லை, ரெயின்போ ட்ரவுட். 2009 செப்டெம்பரில் அங்கே ஒருவர் 48 இறாத்தல் எடையுள்ள ட்ரவுட் ஒன்றைப் பிடித்தார், ஏறத்தாழ 22 கிலோ. ரெயின்போ ட்ரவுட்டில் அதுவே உலக சாதனை. அதற்கு முந்தின சாதனை மீனும், 2007இல், இதே ஏரியில் பிடிபட்டதுதான். பிடித்தவர் அவருடைய சகோதரர்.

பிறகுதான் வாய்த்தர்க்கம் தொடங்கினது. இந்த ட்ரவுட் அந்த ஆற்று மீனே இல்லை. பசிபிக் சமுத்திரப் பக்கத்து ஆறுகளைச் சேர்ந்த இனம். ஏரிக்குள் கூடு வைத்து ட்ரவுட் வளர்க்கிற ஒரு பண்ணை இருந்தது. 2000ஆம் ஆண்டில் கூட்டு வலை உடைந்து லட்சக்கணக்கான மீன்கள் வெளியே ஓடின. அவை சாதாரண மீன்களும் இல்லை. வழமையாக இரண்டு தொகுதி நிறமூர்த்தம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று தொகுதி இருக்குமாறு முட்டைப் பருவத்திலேயே மாற்றப்பட்டவை. அவை இனம்பெருக்காது. முட்டைக்கும் விந்துக்கும் போகிற சத்து எல்லாம் உடம்புக்கே போகும். அதனால் பெருத்துக்கொண்டே போகும். “இதெல்லாம் ஒரு சாதனையா, பண்ணை மீன்தானே?” என்று உலகத்துத் தூண்டில்காரர்கள் சண்டை பிடித்தார்கள். சாதனை இன்னும் சாதனையாய்த்தான் இருக்கு.

இதை வாசித்தபோது நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கூட்டை உடைத்துக்கொண்டு வெளிக்கிட்டு, கனடாவில் போய்ப் பெருத்த ஆட்களை எங்களுக்கும் தெரியும்தானே. ஆனால் சிரிப்புக்குப் பிறகு ஒன்று உறைத்தது. மனிதர் கட்டின குளத்தில், மனிதர் மாற்றின மீன், மனிதர் வைத்த கூட்டிலிருந்து தப்பி ஓடினதை ‘இது இயற்கையா’ என்று கேட்டு உலகம் முழுக்க வாதாடினார்கள். அதே குளத்தைக் கட்டும்போது அங்கே இருந்து இல்லாமல் போன ஒன்றைப் பற்றி அந்தளவுக்கு வாதாடினவர்கள் எத்தனை பேர்?

தண்ணீருக்கு அடியில் ஒரு கல்

அந்தப் பள்ளத்தாக்கில், இப்போது எல்போ என்கிற சின்ன ஊருக்குப் பக்கத்தில், ஒரு கல் இருந்தது. ஏறத்தாழ 400 தொன். ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் பனிப்பாறைகள் உருட்டிக் கொண்டுவந்து விட்ட கல். படுத்திருக்கும் காட்டெருமை மாதிரி இருக்குமாம். கிறீ மக்கள் அதை மிஸ்டசினி என்று சொன்னார்கள். பெரிய கல் என்றுதான் அர்த்தம்.

அவர்களுடைய கதைப்படி, குடும்பம் இடம் பெயர்ந்து போகும்போது ஒரு குழந்தை தவறி விழுந்துவிடுது. காட்டெருமைகள் அதை எடுத்து வளர்க்கின்றன. வளர்ந்த பிறகு தான் மனிதன் என்பது அவனுக்குத் தெரிய வருது. மனிதருக்கும் எருமைக்கும் நடுவில் எந்தப் பக்கமும் நிற்க முடியாமல், கடைசியில் அவன் எருமையாகி, பிறகு கல்லாகிவிடுகிறான். தலைமுறை தலைமுறையாக ஆட்கள் அந்தக் கல்லுக்கு வந்து காணிக்கை வைத்தார்கள், கூடினார்கள். எங்களுக்கு விளங்குகிற பாஷையில் சொன்னால், அது ஒரு கோயில்.

அணை எழும்ப எழும்ப, அந்த இடம் தாழப் போகுது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கல்லை வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று முதற்குடி மக்களும் அவர்களோடு சேர்ந்து பல்கலைக்கழகப் பக்கத்து ஆட்களும் கேட்டார்கள், காசு சேர்க்கவும் பார்த்தார்கள். போதுமான காசு சேரவில்லை. 1966 டிசெம்பர் 1ஆம் திகதி அந்தக் கல்லை டைனமைட் வைத்து உடைத்தார்கள்.

நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்ட கேள்வி இதுதான். ஐந்து கிலோமீற்றர் நீளத்துக்கு மண்ணை அள்ளிக் கொட்டத் தெரிந்த ஒரு அரசுக்கு ஒரு கல்லை நகர்த்த முடியாமல் போனது எப்படி? வசதி இல்லாமல் இல்லை. அந்தக் கல் யாருடையதோ, அவர்கள் அந்த மேசையில் இருக்கவில்லை. அவ்வளவுதான்.

உடைந்த துண்டுகள் சிலதை வைத்து எல்போவில் ஒரு நினைவுக்கல் கட்டினார்கள். மிச்சம் ஏரிக்குள் கிடந்தது. 2014இல் சுழியோடிகள் இறங்கித் தேடி, அந்தத் துண்டுகளைத் தண்ணீருக்கு அடியில் கண்டார்கள். ஏறத்தாழ 48 வருடமாய் அதன் மேலால் படகு ஓடிக்கொண்டிருந்தது. தூண்டில்கள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன.

வெட்டை ஆக்கப்பட்ட கதை

சரி, ‘ஒண்டுமே இல்லாத வெட்டை’ என்று ஒரு மனிசனுக்குத் தோன்றுவது அவருடைய பிழை மட்டுமா? இல்லை. அந்த இடத்தை அப்படித் தெரியும்படி ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் புல்வெளியில் ஒருகாலம் காட்டெருமைகள் கூட்டம் கூட்டமாய்த் திரிந்தன. 1870கள் முடியும்போது கனடாப் பக்கத்துப் புல்வெளிகளில் அவை இல்லாமல் போயிற்று. எருமையை நம்பி வாழ்ந்த மக்கள் பட்டினியில் கிடந்தார்கள். 1874இல் கப்பெல் ஏரிக்கரையில் கிறீ, சோல்ட்டோ, அசினிபோயின் மக்களோடு அரசு நான்காவது உடன்படிக்கையைச் செய்தது. நிலத்தைப் பகிர்ந்தால் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் உள்ள உரிமை உங்களுக்குத் தொடரும் என்பது அதில் ஒரு வாக்கு. சூரியன் இருக்கும்வரை, புல் முளைக்கும்வரை, ஆறு ஓடும்வரை இது நிற்கும் என்றுதான் அவர்களின் பிள்ளைகள் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த ஆற்றைத்தான் பிறகு மறித்தார்கள்.

1885க்குப் பிறகு இன்னொன்றும் நடந்தது. ஒதுக்கின நிலத்தை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் முதற்குடி மக்கள் அரச அதிகாரியிடம் போய் ஒரு துண்டில் கையெழுத்து வாங்க வேண்டும். எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத கட்டுப்பாடு, ஆனால் பல தசாப்தங்கள் நடைமுறையில் இருந்தது. அந்தத் துண்டுக்குப் பெயர் ‘பாஸ்’. இந்தச் சொல்லை எங்கட அம்மா அப்பாக்களுக்கு நாங்கள் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஒரு மக்களை எருமையிலிருந்து பிரித்து, ஆற்றங்கரையிலிருந்து பிரித்து, துண்டு இல்லாமல் வெளியே வரக்கூடாது என்று வைத்தால், மிச்ச நிலம் என்ன மாதிரி இருக்கும்? வெட்டையாய்த்தான் இருக்கும். அது வெறுமையாய் இருந்த நிலம் இல்லை. வெறுமையாக்கின நிலம்.

இப்போது லைசென்சுக்கு வருவோம். அண்ணா சொன்ன தகவல் பெரும்பாலும் சரி. சாப்பாட்டுக்காக மீன் பிடிக்கிற உடன்படிக்கை உரிமையுள்ள முதற்குடி மக்களுக்கு அந்த லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் அது யாரோ பாவம் பார்த்துக் கொடுத்த சலுகை இல்லை. 1930இல் மத்திய அரசு நிலத்தையும் இயற்கை வளங்களையும் மாகாணத்துக்குக் கைமாற்றிக் கொடுத்தபோது, உணவுக்காக எல்லாப் பருவத்திலும் வேட்டையாட, மீன் பிடிக்க அவர்களுக்குள்ள உரிமையை அந்த ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தார்கள். 1990இல் கனடா உச்ச நீதிமன்றம் ஸ்பரோ என்கிற வழக்கில் ஒரு வரிசையையும் சொன்னது. மீன் அழியாமல் காப்பது முதலாவது. அதற்குப் பிறகு முதற்குடி மக்களின் சாப்பாட்டு மீன். வியாபாரமும் பொழுதுபோக்கும் அதற்கும் பிறகுதான். ஆக, மீன் அழியுது என்றால் அவர்களையும் கட்டுப்படுத்தலாம். எந்தக் கணக்கும் இல்லாமல் அள்ளுகினம் என்ற கதை பிழை.

இன்னொரு மாதிரிப் பார்த்தால், அவர்கள் அந்த மீனுக்கு ஏற்கெனவே விலை கட்டிவிட்டார்கள். ஒரு மாகாணத்து நிலத்தால் கட்டினார்கள். அண்ணா கட்டினது ஒரு வருடத்துக் கட்டணம். இரண்டையும் தராசில் வைத்து ‘இது என்ன நியாயம்’ என்று கேட்பதுதான் நியாயமில்லை.

எங்களுக்கு இது ஏன் உறைக்க வேண்டும்

“கனடாக் கதை எங்களுக்கு என்னத்துக்கு?” என்று நீங்கள் கேட்கலாம். இதே வசனங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதுதான்.

1949இல் பட்டிப்பளை ஆற்றை மறிக்கத் தொடங்கினார்கள். இங்கினியாகலையில் அந்த அணையைக் கட்டினது அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு ஒப்பந்தக் கம்பனி. ஆறு கல்லோயா ஆனது, தேங்கின தண்ணீருக்குச் சேனாநாயக்க சமுத்திரம் என்று அன்றைய பிரதமரின் பெயர் வந்தது. அங்கே கனடாவில் டீஃபன்பேக்கர் என்பதும் ஒரு பிரதமரின் பெயர்தான். அந்தப் பள்ளத்தாக்கை ‘வெறும் காடு’ என்றார்கள். அந்த வெறும் காட்டில் வேட்டையாடி, தேன் எடுத்து வாழ்ந்த வேடர்கள் இருந்தார்கள். அவர்களின் நிலம் தண்ணீருக்குள் போனது. பிறகு வந்த குடியேற்றமும், 1956இல் அந்தப் பள்ளத்தாக்கில் தமிழர் மீது நடந்த வன்முறையும் உங்களுக்குத் தெரியும்.

‘வெறும் காடு’ என்று சொன்னால் எங்களுக்குப் பொத்துக்கொண்டு வருது. மேடை போட்டுக் கதைக்கிறோம், கட்டுரை எழுதுகிறோம். ஆனால் ‘ஒண்டுமே இல்லாத வெட்டை’ என்று எங்கட ஆள் ஒருவர் எழுதினால் ஹார்ட் போடுகிறோம். இன்னும் ஒன்று: எங்கட கோபத்திலும் எத்தனை பேர் வேடரை நினைத்துப் பார்த்திருக்கிறோம்? தண்ணீருக்குள் போனது ‘எங்கட’ காணியா ‘அவங்கட’ காணியா என்ற சண்டையில் அவர்கள் எங்கேயும் இல்லை. இதை எழுதும்போது எங்களுக்கே வெட்கமாய்த்தான் இருக்கு.

எங்கட குளத்து மீனும் இப்படி ஒரு தீர்மானம்தான். வன்னிக் குளங்களில் நாங்கள் வாங்கிப் பொரித்துச் சாப்பிடுகிற திலாப்பியா 1952இல் ஆபிரிக்கப் பக்கத்து இனமாக இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. இங்கே பெரிய இயற்கை ஏரிகள் இல்லாததால், நிற்கிற தண்ணீரில் பெருகி வளரக்கூடிய மீன் என்று விட்டார்கள். அது நாடு முழுக்க ஏழைகளின் மீனாய்ப் போனது. பிறகு 1990இல், உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகக் கூடாது என்று மதத்தரப்பில் இருந்து வந்த அழுத்தத்தால், நன்னீர் மீன்பிடிக்குக் கொடுத்த ஆதரவை அரசு நிறுத்தியது. 1994இல் திரும்பத் தொடங்கினார்கள். நடுவில் அந்த நாலு வருடமும் குளத்தை நம்பி இருந்த குடும்பங்களிடம் யார் போய்க் கேட்டார்கள்? அங்கேயும் ஒரு மேசை. அந்த மேசையிலும் அவர்கள் இல்லை.

அப்ப, மீன் பிடிக்கக் கூடாதா?

பிடிக்கலாம். “உங்களுக்கு எதைத் தொட்டாலும் அரசியல். ஒரு மனிசன் நிம்மதியா ஒரு மீன் பிடிக்கேலாதா?” என்று எங்கட அறையிலேயே ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. தூண்டிலைத் தூக்கி எறியச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அந்த அணையை உடைக்கச் சொல்லியும் கேட்கவில்லை. அந்தத் தண்ணீரைத்தான் முதற்குடி மக்களும் குடிக்கினம், அண்ணாவின் பிள்ளைகளும் குடிக்கினம்.

அகதியாய்ப் போனவர்களுக்கு ஒரு புது இடம் தேவை. அந்த இடம் தங்களை ஏற்றுக்கொண்டது என்ற எண்ணமும் தேவை. கரையில் நின்று வீசுகிற தூண்டில் அந்த எண்ணத்தைக் கொடுக்குது. அதை நாங்கள் பறிக்க விரும்பவில்லை. ஆனால் ஏற்றுக்கொண்டது யார் என்று தெரிந்து வைத்திருக்கலாம். பாஸ்போட்டில் முத்திரை குத்தின அரசு ஒன்று. அந்த மண்ணின் ஆட்கள் இன்னொன்று. முதலாவதுக்கு நன்றி சொல்லத் தெரிந்த எங்கட சனம், இரண்டாவது ஆட்களைப் பற்றி வேலையிடத்தில் கேட்ட புறுபுறுப்பையே திருப்பிச் சொல்லுது. “எல்லாம் அவையளுக்குத்தான்” என்று. இதே புறுபுறுப்பை, சொல் மாறாமல், எங்கட மொழி உரிமை, காணி உரிமை பற்றித் தெற்கில் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்.

நாங்கள் கேட்பது சின்ன விஷயங்கள். படத்துக்குக் கீழே ‘ஒண்டுமில்லாத வெட்டை’ என்று எழுதாதீங்கோ. அது நான்காவது உடன்படிக்கை நிலம், அதற்கு ஒரு பெயர் இருக்கு. சஸ்கச்சுவான் என்ற பெயரே வேகமாய் ஓடுகிற ஆறு என்று பொருள்படும் கிறீச் சொல்லில் இருந்து வந்ததுதான். எல்போவுக்குப் போனால் படகை இறக்குவதற்கு முன்னால் அந்த நினைவுக்கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு நிமிடம் நில்லுங்கோ. பிள்ளைகளுக்கு மீன் பிடிக்கப் பழக்கும்போது, எருமை வளர்த்த அந்தப் பொடியனின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கோ. லைசென்ஸ் இல்லாமல் ஒருவர் வலை போடுவதைக் கண்டால், புறுபுறுக்க முதல் அது என்ன உரிமை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கோ.

இங்கே இருக்கிற எங்களுக்கும் வீட்டுவேலை இருக்கு. அடுத்தமுறை ஒரு குளக்கட்டில் ஏறிப் படம் எடுக்கும்போது, இது யார் கட்டினது, யாருக்காகக் கட்டினது, எது தாழ்ந்தது என்று ஊரில் வயது போன ஒருவரிடம் கேட்போம். கேட்டதை எழுதி வைப்போம். பாடத்துக்கு அசைன்மென்ட் என்று எத்தனையோ எழுதுகிறோம், இதையும் எழுதலாம்தானே.

இதெல்லாவற்றையும் சுருக்கி ஒரு நீளமான செய்தியாய் அண்ணாவுக்கு அனுப்பினோம். நீலச் சரி விழுந்தது. மூன்று நாள் பதில் இல்லை. “ஆள் கோவிச்சிட்டார்” என்று முடிவெடுத்தோம். பெரியம்மாவிடமிருந்து ஒரு பேச்சு விழும் என்றும் எதிர்பார்த்தோம்.

நாலாம் நாள் விடிய, எங்களுக்கு விரிவுரைக்கு நேரமாகிக்கொண்டிருக்கும்போது, செய்தி வந்தது. அங்கே அப்போது இரவு.

“வேலையில இருக்கிற ஒருத்தர் கிறீ ஆள். ரெண்டு வருசமா ஒண்டா நிண்டு வேலை செய்யிறம், இதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. நேற்று கேட்டன். அவற்ற அம்மம்மா அந்தக் கல்லைப் பாத்திருக்கிறாவாம்.”

அதற்குக் கீழே இன்னொன்று: “உங்களுக்கெண்டு எங்கட ஊரில அப்பிடித் தாண்டுபோன ஏதும் இருக்கோ எண்டு கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியேல்ல. உங்களுக்குத் தெரியுமோ?”

எங்களுக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கு?